பௌர்ணமிக்கு எட்டுச் சீலம்: வீட்டிலிருந்தே தொடங்குவது எப்படி

நான் வாகன உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறவன். சென்னையில் குடும்பத்தோடு இருக்கிறேன். துறவியும் இல்லை, பௌத்த நூல்களின் மொழியான பாலி படித்த பண்டிதனும் இல்லை. சில வருடங்களாகப் பௌர்ணமிதோறும் ஒரு நாள் பௌத்தர்களின் எட்டுச் சீலம், அதாவது எட்டு ஒழுக்கங்கள், எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். "எப்படிச் செய்யணும், பட்டினி கிடக்கணுமா, மொட்டை போடணுமா" என்று கேட்கிற நண்பர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். முதல்முறை செய்து பார்க்கிறவர்களுக்கானது இது. விகாரைக்கு, அதாவது பௌத்த மடத்துக்கு, போய்ப் பழகியவர்கள் தாண்டிப் போகலாம்.

பௌத்தத்தில் இல்லறத்தார் எல்லா நாளும் காக்க முயல்வது ஐந்து சீலம்: கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, தவறான காமத்தில் இறங்காமை, பொய் சொல்லாமை, போதை தொடாமை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது உடன் வந்தவர்களுக்குச் சொல்லித்தந்த 22 உறுதிமொழிகளிலும் இவை உண்டு. உபோசதம் என்கிற இந்த விரத நாளில் இவற்றோடு மூன்று சேரும். உச்சிப்பொழுது தாண்டிச் சாப்பாடு கிடையாது. ஆட்டம், பாட்டு, வேடிக்கை, பூ, வாசனை, அலங்காரம் கிடையாது. உயரமான, சொகுசான படுக்கை கிடையாது. மூன்றாவது சீலமும் அன்றைக்கு மட்டும் முழுப் பிரமச்சரியமாகிவிடும். இதுதான் எட்டு. உபோசதம் என்ற சொல் நம் உபவாசத்துக்கு உறவுக்காரன். இலங்கையில் பௌர்ணமி நாளைப் போயா என்பதும் அதே சொல் தேய்ந்து வந்ததுதான்.

படி 1: நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

தினசரிக் காலண்டரில் பௌர்ணமி போட்டிருக்கும், அது போதும். இந்த நாள் கணக்கு வந்த கதை சுவாரசியமானது. மற்றச் சமயத்தார் பட்சத்தின் 8, 14, 15ஆம் நாட்களில் கூடிப் பேசுகிறார்கள், ஜனங்களும் அங்கே போகிறார்கள், நம்மவர்களும் கூடினால் என்ன என்று மகத மன்னன் பிம்பிசாரன் கேட்டானாம். புத்தர் சரி என்றாராம். பிக்குகளின் ஒழுங்கு நூலான விநயத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு நல்ல பழக்கத்தைக் கௌரவம் பார்க்காமல் எடுத்துக்கொண்டதாக நான் இதைப் படிக்கிறேன்.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை, சாராயக் கடையும் மூடியிருக்கும். நமக்கு அந்த வசதி இல்லை. முதல்முறை மட்டும் லீவு நாளில் செய்யுங்கள், பௌர்ணமியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் வேலை நாளுக்கு மாறிவிடுங்கள். லீவு நாளில் சீலம் எடுத்தால் பாதி நாளைத் தூங்கியே ஒப்பேற்றிவிடலாம். நானும் ஒப்பேற்றியிருக்கிறேன்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், வேளைக்குச் சாப்பிட்டே ஆகவேண்டியவர்கள் சாப்பாட்டுச் சீலத்தை விட்டுவிட்டு மற்ற ஏழு சீலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

படி 2: முந்தின நாள் சாயங்காலம்

வீட்டில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்தால் ராத்திரி எட்டு மணிக்குத் தட்டில் தோசை விழும், சண்டையும் விழும்.

என் அம்மாவுக்கு ஒருபொழுது இருந்து பழக்கம். நான் முதலில் சொன்னபோது, "சரி, ராத்திரிக்கு ரெண்டு இட்லி வச்சுடறேன்" என்றார். எங்கள் வீட்டு விரதத்தில் சோறுதான் ஆகாது, இட்லியும் உப்புமாவும் பலகாரக் கணக்கு. "இதுல அதுவும் கூடாதும்மா" என்றேன். "பலகாரம் கூடாதா? அப்படி என்னடா விரதம்?" காலையிலும் மதியமும் வயிறாரச் சாப்பிடலாம் என்று சொன்னதும் இன்னும் குழம்பிப்போனார். நம் விரதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது மாதிரிதான் இது.

மதியச் சாப்பாட்டை எப்போது முடிப்பது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். உச்சிப்பொழுது என்பது சூரியனின் உச்சி, கடிகாரத்தின் 12 மணியை நம்பக் கூடாது. சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் 11.53 வாக்கிலேயே உச்சி வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12.23 வரை போகும். நான் வருடம் முழுக்க 11.45க்குள் டிபன் பாக்ஸை மூடிவிடுகிறேன், வம்பே இல்லை.

கடைசியாக, சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும். பழைய பில்லின் பின்பக்கம் போதும். ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எண் எழுதிக்கொள்ளுங்கள். இது எந்த நூலிலும் இல்லை, கணக்கு எழுதுகிறவன் புத்தி. எதற்கென்று கீழே சொல்கிறேன்.

படி 3: விடியலில் சீலம் எடுப்பது

குளித்து, வெள்ளை உடை இருந்தால் உடுத்திக்கொண்டு உட்காருங்கள். பக்கத்தில் விகாரை இருந்து பிக்கு சொல்லித்தந்தால் நல்லது. இல்லையென்றால் தனியாகவே எடுக்கலாம். முதலில் மூன்று சரணம்: புத்தங் சரணங் கச்சாமி, தம்மங் சரணங் கச்சாமி, சங்கங் சரணங் கச்சாமி. இதையே துதியம்பி, ததியம்பி என்று முன்னால் சேர்த்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை சொல்ல வேண்டும். பிறகு எட்டுச் சீலம். எல்லாம் ஒரே அச்சுதான்:

பாணாதிபாதா வேரமணி சிக்காபதங் சமாதியாமி.

முதல் சொல் மட்டும் மாறிக்கொண்டே வரும். பாணாதிபாதா என்றால் உயிரைப் பறிப்பது. நான்காவது முசாவாதா, பொய். ஆறாவது விகாலபோஜனா, வேளை தப்பிய உணவு. மிச்சத்தைப் பாலியில் சொல்ல வராவிட்டால் தமிழில் சொல்லுங்கள். அர்த்தம் தெரியாமல் கடகடவென்று ஒப்பிப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

அந்த அச்சில் வருகிற சிக்காபதம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். சிக்கா என்றால் பயிற்சி. வேரமணி, விலகியிருத்தல். சமாதியாமி, மேற்கொள்கிறேன். "கொலையிலிருந்து விலகியிருக்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன்" என்று நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். மேலேயிருந்து ஒருவர் ஆணையிட்டு, மீறினால் கண்ணைக் குத்துவார் என்ற பேச்சு இதில் கிடையாது. சைக்கிள் பழகுகிறவன் விழுகிற மாதிரி இங்கேயும் விழலாம். எங்கே விழுகிறோம் என்பதைக் குறிக்கத்தான் அந்தக் காகிதம். சீலம் வழுக்கியதும் அந்த எண்ணுக்கு நேரே ஒரு கோடு.

படி 4: வேலைக்குப் போவது

முதல் பௌர்ணமியன்று நான் பயந்தது பசிக்கு. அதனால் ஆறாம் எண்ணுக்குப் பக்கத்தில் நிறைய இடம் விட்டிருந்தேன்.

காலை பத்தரைக்கு ஃபோன் அடித்தது. பாக்கிப் பணம் கேட்டு ஒரு சப்ளையர். முதலாளி எதிரேதான் உட்கார்ந்திருந்தார். விரலை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். "அண்ணாச்சி வெளிய போயிருக்காரு சார், வந்ததும் சொல்றேன்." சொல்லி முடித்து ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது. நாலாம் எண்ணுக்கு ஒரு கோடு போட்டேன். அரை மணி கழித்து இன்னொருவர், "பில் அனுப்பிட்டீங்களா?" அனுப்பவில்லை. "அனுப்பியாச்சு சார், இன்னும் வரலையா?" இரண்டாவது கோடு. மனைவி கூப்பிட்டு, வங்கிக்குப் போனீர்களா என்றாள். "கிளம்பிட்டேன்" என்றேன், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. நாலரை மணிக்குப் பக்கத்து டீக்கடையிலிருந்து சக ஊழியர் பஜ்ஜி வாங்கிவந்து நீட்டினார். சீலம் எடுத்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "வயிறு சரியில்லண்ணே" என்றேன். ஆறாம் சீலத்தைக் காப்பாற்ற நாலாம் சீலத்தைக் கொடுத்தேன்!

அன்று ராத்திரி காகிதத்தை எடுத்துப் பார்த்தால் ஆறுக்கு நேரே ஒன்றுமில்லை. நாலுக்கு நேரே ஆறு கோடுகள். என்னை யாராவது பொய்யன் என்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் தருகிற ஒரே உருப்படியான யோசனை, நாலாம் சீலத்துக்கு முன்கூட்டியே வாக்கியங்கள் தயார்செய்து வைத்துக்கொள்வதுதான். பொய் பெரும்பாலும் அவசரத்தில்தான் வருகிறது, கையில் வேறு வார்த்தை இல்லாததால். "வெளிய போயிருக்காரு"வுக்குப் பதில் "அவர் இப்ப பேச முடியாது சார், சாயங்காலம் பேசச் சொல்றேன்." "அனுப்பியாச்சு"வுக்குப் பதில் "இன்னும் அனுப்பல, இப்ப உட்கார்ந்து போட்டுடறேன்." இதைச் சொன்னால் உட்கார்ந்து போட்டுத்தான் ஆக வேண்டும், அது ஒரு கூடுதல் லாபம். "கிளம்பிட்டேன்"க்குப் பதில் "இன்னும் பத்து நிமிஷம் ஆகும்." பஜ்ஜிக்கு, "இன்னைக்கு மதியத்துக்கு மேல சாப்பிடறதில்லண்ணே." சக ஊழியர் ஒரு நிமிடம் விசித்திரமாகப் பார்ப்பார். அப்புறம் உங்கள் பங்கையும் அவரே சாப்பிட்டுவிடுவார்.

படி 5: மதியத்திலிருந்து இருட்டும்வரை

தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். பால் விடாத டீ, வடிகட்டிய பழச்சாறு பொதுவாக அனுமதி உண்டு. பால் பல இடங்களில் உணவுக் கணக்கில் போகும். ரொம்பத் தளர்ந்தால் ஒரு துண்டு வெல்லமோ கொஞ்சம் தேனோ போதும். விநயத்தில் பிக்குகளுக்கு மருந்தாக அனுமதித்த ஐந்து பொருள்களில் நெய், வெண்ணெய், எண்ணெயோடு இவையும் வருகின்றன. எனக்கு முதல் இரண்டு முறை ஐந்து மணிக்குத் தலைவலி வந்தது. பசி என்று நினைத்தேன். சாயங்காலக் காபி போனதுதான் காரணம், கறுப்பு டீ குடித்ததும் விட்டுவிட்டது.

பசி அலை மாதிரி வரும், அரை மணியில் போய்விடும். போகாமல் நிற்பது சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு. சாவத்தி நகரத்தில் விசாகை என்ற இல்லறப் பெண்ணிடம் புத்தர் மூன்று வகை உபோசதம் சொல்கிறார். அதில் ஒன்று மாடு மேய்ப்பவனின் உபோசதம். சாயங்காலம் மாட்டை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, இன்றைக்கு மாடு இங்கே மேய்ந்தது, அங்கே தண்ணீர் குடித்தது, நாளைக்கு எங்கே மேயும் என்று அவன் கணக்குப் போடுகிறான். அதேபோல் சீலம் எடுத்தவன், இன்று இதைச் சாப்பிட்டேன், நாளைக்கு அதைச் சாப்பிடுவேன் என்று நாளைக் கழிக்கிறானாம். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். முந்தின பௌர்ணமி ராத்திரி ஏழு மணிக்கு, மறுநாள் காலைக்குப் பொங்கலா பூரியா என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஃபோனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாம் சீலம் ஆட்டம் பாட்டம் வேடிக்கை என்கிறது. ரீல்ஸ் மூன்றும் சேர்ந்தது. அழைப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தை அணைத்துவிடுங்கள். செண்டும் அன்று வேண்டாம்.

படி 6: ராத்திரி உட்கார்வதும் படுப்பதும்

சாப்பாட்டு நேரமும் ஃபோன் நேரமும் மிச்சமாவதால் ராத்திரி திடீரென்று நீளமாகத் தெரியும். அதில் இருபது நிமிடம் உட்காருங்கள். சம்மணம் போட முடிந்தால் தரையில், முடியாவிட்டால் நாற்காலியில். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மூக்கு நுனியில் கவனித்துக்கொண்டிருங்கள். மனம் எங்காவது ஓடும். ஓடியது தெரிந்ததும் திரும்ப வந்து அடுத்த மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாளைக்கு இவ்வளவு போதும்.

சென்னையில் இருந்தால் மூச்சுக்கு முன்னால் கொசு வந்துவிடும். ஒருமுறை முழங்கையில் வந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் வலது கை தானாக மேலே எழும்புவது தெரிந்தது. பாதி வழியில் அப்படியே நிறுத்தினேன். கை அந்தரத்தில் நிற்கிறது, கொசு தன் வேலையைப் பார்க்கிறது. ஊதினேன், போய்விட்டது. அடிக்கலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை, கை முன்பே முடிவு செய்துவிட்டிருந்தது. காலையில் ஃபோனில் வாய் செய்ததும் இதே வேலைதான். நீங்கள் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டோ கொசுவலைக்குள்ளோ உட்காருங்கள், சீலத்துக்கு ஒன்றும் ஆகாது.

படுக்கைக்குக் கோரைப் பாய் போதும். முதுகுவலிக்காரர்கள் மெல்லிய மெத்தையைத் தரையில் போட்டுக்கொள்ளலாம்.

இடையில் சீலம் உடைந்தால்?

உடையும். நாள் கெட்டுவிட்டது என்று அத்தனையையும் கைவிடாதீர்கள். பஜ்ஜியைத் தின்றுவிட்டீர்களா, ஒரு கோடு போட்டுவிட்டு அந்த வரியை மட்டும் திரும்பச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பஜ்ஜி போயாகிவிட்டது, இனி நாலு தின்றால் என்ன என்று மனம் கேட்கும். பதில் சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் விடிந்ததும் எட்டுச் சீலம் முடிந்து பழையபடி ஐந்துக்கு வந்துவிடுவீர்கள். காகிதத்தைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று மாதக் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் எண் எது என்று தெரியும். எனக்கு நாலு. ஒரு நண்பருக்கு ஏழு, அவரால் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

போன பௌர்ணமி முடிந்த விடியலில் அம்மா காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "நேத்து எத்தனை கோடு?" என்றார். இப்போது இதுவும் அவருக்குப் பழகிவிட்டது.

"மூணும்மா" என்றேன்.

காகிதத்தில் நாலு இருந்தது. காபியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினேன்.