ஓஆர்டிஎஃப் கோணத்துக்கு ஓர் அட்டை முக்கோணம்

17 செ.மீ., 10.4 செ.மீ., 10.4 செ.மீ. பக்கங்களுள்ள முக்கோணம் ஒன்றைத் தடித்த அட்டையில் வெட்டி மைக் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரு மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில் 110 டிகிரி விரித்து வைக்கும் ஓஆர்டிஎஃப் ஸ்டீரியோ அமைப்பு கோணமானி இல்லாமலே கைக்கு வந்துவிடும். நீளமான பக்கம் பாடுபவரைப் பார்க்கட்டும். குட்டைப் பக்கங்களை ஒட்டி பக்கத்துக்கு ஒன்றாக பென்சில் மைக்குகளை (மெல்லிய குழாய் வடிவ மைக்குகள்) படுக்கவைத்து, ஒலியை வாங்கும் கேப்சூல் முனைகளை இரு ஓர மூலைகளில் நிறுத்தினால் போதும்.

அந்த அளவுகளில் உச்சிக் கோணம் தானாகவே 110 டிகிரி ஆகிவிடும். கேப்சூல் இடைவெளி 17 செ.மீ. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி இரு மைக்குகளையும் அதிகபட்சம் அரை மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் எட்டும், கூடவே முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்கின் திசைத்தன்மையால் சத்த அளவும் மாறும். இரண்டும் சேர்வதால்தான் ஹெட்ஃபோனில் ஒலி வரும் இடம் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. மைக் 10 செ.மீ.க்கு மேல் நீளமென்றால் பின்பக்கம் இடிக்கும். ஒன்றைச் சற்றே உயர்த்தி, மற்றதன் மேல் குறுக்கே போகவிடுங்கள். மேல்கீழாக 2, 3 செ.மீ. வித்தியாசம் இடவல உணர்வைக் கெடுக்காது.

எல்லாத் திசை ஒலியையும் ஒரேபோல் வாங்கும் ஆம்னி மைக்குகளுக்கு இது வேண்டாம், 17 செ.மீ. அவற்றுக்குப் போதாது. கோயில் ஒலிபெருக்கி, ஒற்றை ஸ்பீக்கர் போன் என மோனோவில் கேட்கப்படப்போகும் பதிவுக்கும் ஆகாது: இரு தடங்களும் சேரும்போது நேர வித்தியாசத்தால் சில சுருதிகள் மெலிந்துபோகும். அங்கே கேப்சூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் எக்ஸ்ஒய் முறையே சரி.