104ஐத் தொட்டிருக்கக் கூடாது

ஹட்டனில் எங்கள் வீட்டு மேசையில் ஒரு எஃப்பிஜிஏ பலகை இருக்கிறது; அதன் சில்லுக்குள் வேண்டிய சுற்றை நாமே எழுதி அமைத்துக்கொள்ளலாம். கொழுந்து நிறுக்கும் மின்தராசிலிருந்து அது எடையை வாங்கிக் கணினிக்குத் தரவேண்டும். தராசிலிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை. சரி என்று, சுற்றை விவரிக்கும் வெரிலாக் மொழிக் கோப்புகளை ஏஐ முகவரிடம் கொடுத்தேன்.

அது, பிட் பிட்டாகத் தரவைக் கடத்தும் தொடர் இணைப்பு மாட்யூலை, அதாவது சுற்றின் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, பிட்டுக்கு 104 கடிகாரத் துடிப்பு என்பது தவறு, தராசின் வேகம் நொடிக்கு 9600 பிட் என்று எண்ணை மாற்றியது. 104 வெறும் இயல்பு மதிப்பு, வேறு எண் கொடுக்காத இடத்தில் மட்டும் பயன்படும். 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் கணினிப் பக்கத்து 115200க்கு உரியது. தராசுக்கு 1250 என்று, எல்லாவற்றையும் இணைக்கும் மேல் மாட்யூலிலேயே கொடுத்திருந்தேன். இப்போது கணினித் தொடர்பும் போனது.

கோப்பை மட்டும் படித்தால், அதே மாட்யூல் எங்கே எந்த மதிப்போடு பொருந்தியிருக்கிறது என்பது தெரிவதில்லை. அதனால் வெரிலாக்கைப் படிக்கும் யோசிஸ் என்ற கருவியில் வடிவமைப்பை ஏற்றி, ஃப்ளாட்டன் செய்யாமல், அதாவது மாட்யூல்களை ஒன்றாகக் கலக்காமல், நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் கோப்பாக எழுதினேன். செய்திருந்தால் படிநிலையே கரைந்திருக்கும். அதன்மேல் சின்னப் பைத்தான் நிரல். ஒரு மாட்யூலுக்குள் என்ன இருக்கிறது, ஒரு வயர் எங்கெல்லாம் போகிறது, இரண்டுக்கும் மட்டும் பதில் சொல்லும். முகவர் கேட்டுக் கேட்டு இறங்கியது.

ஜேசனில் மாட்யூலுக்குள் ஒரே வயர் என்றால் ஒரே எண். தராசு உள்ளீட்டின் எண் வேறெங்கும் இல்லை! வயர் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். வெரிலாக் தானே புது வயர் உருவாக்கிக்கொண்டது. எழுத்தைச் சேர்த்து, 104ஐத் திரும்ப வைத்து, இனி வயர் தானாக உருவாகாதபடி கோப்பின் தலையில் 'டீஃபால்ட் நெட்டைப் நன்' என்ற கட்டளையைப் போட்டேன்.

தம்பி கூடையைத் தூக்கி வைத்தான். "அண்ணே, வந்திருச்சு!" திரையில் 7.4 கிலோ.