2,500 மாடுகளைக் கன்சாஸ் வரை நடத்திக் கொண்டுபோவது எப்படி

கௌபாய் என்றதும் துப்பாக்கிதான் நினைவுக்கு வருகிறது, ஆனால் அந்த வேலையில் முக்கால்வாசி பொறுமை. 1867-இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் அபிலீன் என்ற ஊரில், ரயில் பாதை ஓரமாக மாட்டுப் பட்டிகளைக் கட்டினார். அப்போது டெக்சாஸில் நீள்கொம்பு மாடுகள் மலிந்து கிடந்தன. அங்கே ஒரு மாட்டுக்கு 4 டாலர் கிடைத்தால் பெரிது, வடக்கே 30, 40 டாலர் வரை போகும். நடுவில் நூற்றுக்கணக்கான மைல், ரயில் கிடையாது, அதனால் மாடு தன் காலால்தான் நடந்து போய்ச் சேர வேண்டும்.

வசந்தத்தில் புல் தலைகாட்டியதும் கிளம்பிவிடுங்கள். பல பண்ணை மாடுகள் கலந்திருக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் பொதுவாக, இந்தப் பயணத்துக்கென்று ஒரு அடையாளச் சூடு போட வேண்டும். 2,500 மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும், ஆனால் ஆளுக்கு ஐந்தாறு குதிரையாவது வேண்டும், அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு பையன். சமையல்காரரிடம் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 1866-இல் சார்லஸ் குட்நைட் உருவாக்கிய சமையல் வண்டிதான் இவர்களுக்கு வீடு. ராத்திரி படுக்கும் முன் வண்டியின் ஏர்க்காலை வடக்கே நிற்கும் துருவ நட்சத்திரத்தின் பக்கம் திருப்பி வைப்பார்கள், காலையில் திசை தேட வேண்டாம்.

முதல் சில நாள் விரட்டித்தான் நடத்த வேண்டும், இல்லாவிட்டால் பழகின மேய்ச்சலுக்கே திரும்பிவிடும். அப்புறம் விட்டுப்பிடியுங்கள். ஒரு நாளைக்கு 10, 12 மைல், மேய்ந்துகொண்டே நடக்கட்டும். அவசரப்படுத்தினால் எலும்பும் தோலுமாகத்தான் போய்ச் சேரும், விலை கிடைக்காது. அனுபவசாலிகள் இருவர் முன்னால், மற்றவர்கள் இரண்டு பக்கமும், புதுப் பையன்கள் கடைசியில், அத்தனை குளம்பு கிளப்பும் புழுதியையும் தின்றுகொண்டு. நொண்டுவதும் சோர்ந்ததும் பின்தங்காமல் பார்ப்பது அவர்கள்தான், அந்த வேலையை யாரும் இளப்பமாக நினைக்கக் கூடாது.

ஆற்றைக் கடப்பதுதான் பெரிய கண்டம். சூரியன் நேராக மாட்டின் கண்ணில் அடிக்கும்போது இறக்காதீர்கள், எதிர்க்கரை தெரியாமல் மிரளும். கொஞ்சம் தாகத்தோடு கொண்டுவந்து, பழகின மாடுகளை முதலில் விட்டால் மற்றவை பின்னாலேயே இறங்கும். டெக்சாஸின் வடக்கு எல்லையில் ஓடும் செவ்வாறு (ரெட் ரிவர்) போன்ற பெரிய ஆற்றின் நடுவில் மாடுகள் சுழல ஆரம்பித்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூழ்கும். அப்போது யாராவது குதிரையோடு நீந்திப் போய் அந்தச் சுழலை உடைத்தாக வேண்டும். அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு.

ராத்திரி கிடை போட்டதும் இரண்டு பேர் முறை வைத்து எதிரெதிர்த் திசையில் மெல்லச் சுற்றி வர வேண்டும், பாடிக்கொண்டே. குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் இருட்டில் வருவது யார் என்று மாட்டுக்குத் தெரியும், திடுக்கிடாது. தேவாலயப் பாட்டோ தாலாட்டோ, எதுவானாலும் சரி. இடியோ குச்சி முறியும் சத்தமோ கேட்டு மொத்தமும் ஓடினால் பின்னால் துரத்திப் பயனில்லை. முன்னால் ஓடும் மாடுகளுக்குப் பக்கவாட்டில் போய் நெருக்கி, வளைத்து, வட்டமாகச் சுற்றவிட்டால் தானாகவே ஓய்ந்து நிற்கும்.

இதையெல்லாம் செய்தவர்களில் பெரும்பாலோர் இளவட்டங்கள். சம்பளம் மாதம் 30, 40 டாலர். நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று மதிப்பிடுகிறார்கள். சேணம், கயிறு, வித்தை எல்லாம் மெக்சிகோவின் வாக்கேரோக்கள் என்ற குதிரையேறி மாடு மேய்ப்பவர்களிடமிருந்து வந்தவை. அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அபிலீன் தெரிந்ததும் உடனே விற்றுவிடாதீர்கள். ஊருக்கு வெளியே நல்ல புல்லும் தண்ணீரும் பார்த்து நிறுத்துங்கள். சில நாள் மேய்ந்து சதை பிடிக்கட்டும், அப்புறம் விலை பேசலாம்.