பழைய கனத்த துப்பாக்கியால் காட்டு வாத்து வேட்டையாடுவது எப்படி

நூறாண்டு கடந்த இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நீர்நிலைக்குச் செல்ல விரும்புபவர், குறி பார்க்கப் பழகுவதற்கு முன் அதன் குழலைப் படிக்கக் கற்க வேண்டும். குழலின் உள்விட்டத்துக்குப் பொருந்தும் எத்தனை ஈய உருண்டைகள் சேர்ந்தால் ஒரு பவுண்டு ஆகுமோ, அதுவே குழலின் அளவைச் சொல்லும் ‘போர்’ (bore) எண். ஆகவே 12 போர் குழல் சுமார் 18.5 மில்லிமீட்டரும், 8 போர் குழல் சுமார் 21.2 மில்லிமீட்டரும் இருக்கும். சில நாடுகளில் பெரிய போர்களுக்குத் தடை உண்டு. அமெரிக்காவில் வலசைப் பறவைகளை 10 போரைவிடப் பெரிய துப்பாக்கியால் சுடக் கூடாது. உரிமத்தையும் வேட்டைப் பருவத்தையும் உறுதி செய்துகொண்ட பிறகே மற்றவை.

குழலைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். ஒளிவளையம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. கரும்புள்ளிகள் துரு அரித்த குழிகளாக இருக்கலாம். இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழலின் அலையலையான கோலம் கண்ணைப் பறிக்கும், ஆனால் அழகு வலிமைக்குச் சான்றாகாது; சுவரின் தடிமனைத் துப்பாக்கிக் கம்மியர் அளந்து சொன்ன பின்பே சுட வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் தோட்டா அறைதான். பழைய 12 போர் அறைகள் பல 65 மில்லிமீட்டர் நீளமே. 70 மில்லிமீட்டர் என்று அச்சிட்ட தோட்டாவும் அதற்குள் சிக்கலின்றி நுழைந்துவிடும், ஏனெனில் அந்த அளவு, தோட்டாவின் வாயை மூடியிருக்கும் மடிப்பு விரிந்த பிறகான நீளம். வெடிக்கும்போது அந்த மடிப்பு அறைக்கு அப்பாலுள்ள குறுகலில் விரிந்து, வாயு அழுத்தத்தை உயர்த்திவிடும். கரிமருந்துக்கு, அதாவது புகை கக்கும் பழைய வெடிமருந்துக்கு, மட்டும் சோதனை முத்திரை பெற்ற குழலில் புகையற்ற மருந்தைப் போடவே கூடாது. தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளான ரவை ஈயத்தால் ஆனதாக இருக்கத் தடையுள்ள நீர்நிலைகளில் எஃகு ரவைக்குப் பதில் மென்மையான பிஸ்மத் ரவையைப் பயன்படுத்துங்கள்.

கனத்த துப்பாக்கி மெதுவாகத் திரும்பும், திரும்பத் தொடங்கினால் நிற்கத் தயங்கும். அந்தக் குணமே உங்களுக்குத் துணை. வாத்தின் பின்னாலிருந்து அதன் பாதையிலேயே குழலைக் கொண்டுவந்து, அலகைத் தாண்டியதும் விசையை அழுத்துங்கள்; அழுத்திய பிறகும் வீச்சை நிறுத்தாதீர்கள். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் வாத்து, ரவை 40 மீட்டரைக் கடப்பதற்குள் இரண்டரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 40 மீட்டருக்கு அப்பால் சுடுவது பறவையைக் காயத்தோடு தப்பவிடும் செயல் என்பதால், நான் அதை ஏற்பதில்லை.

கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும். அன்று மாலையே சுடுநீரால் குழலைக் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவி வையுங்கள்.