ஏஐ எழுதும் நிரலுக்குச் சோதனைக் கருவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மென்பொருள் அணிக்கு வரும் பயிலுநர்கள் டெஸ்ட் கருவி, அதாவது நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிக்கும் கருவி, தெரிவுசெய்வதைப் பார்த்தால், இந்தத் துறையில் முன்னால் வந்தவர்கள் எல்லாரும் விழுந்தெழும்பிய அதே பள்ளங்கள்தான். முன்பு பிழையான டெஸ்ட் ஒன்றை எழுதி முடிக்கவே அரை நாள் போகும். இப்போது ஏஐ உதவியாளர் தேநீர் ஆறமுன் நூற்றுக்கணக்கில் எழுதித் தந்துவிடுகிறது. டெஸ்டே இல்லாமல் வெளியிடுவது, கடவுச்சொல்லை டெஸ்டுக்குள் எழுதிவைப்பது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்கிறார்கள்.

நிரலைப் பார்த்து டெஸ்ட் எழுதும் கருவியை நம்புவது

கொழும்பில் வங்கிக்கோ காப்புறுதிக்கோ மென்பொருள் செய்பவர்கள் என்றைக்காவது ஒருநாள் தேசிய அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு வந்து சேருவார்கள். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும் இருக்கும். புதியதில் பன்னிரண்டு எண்கள்: முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். இவ்வளவும் ஏஐ சரியாகச் சொல்லிவிடும். அது சறுக்கும் இடம் வேறு. அட்டையின் கணக்கில் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள். ஆகவே 1990 இல் பிறந்த ஒருவரின் நாள் எண் 200 என்றால் அவர் பிறந்தது ஜூலை 18. சாதாரண நாட்காட்டிக் கணக்கைப் போட்டால் ஜூலை 19 என்று வரும்.

ஓர் அணி இந்தப் பகுதியை ஏஐயிடம் எழுதக் கொடுத்தது. அது நாட்காட்டிக் கணக்கைப் போட்டது. பிறகு டெஸ்ட் உருவாக்கும் கருவி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அந்த நிரலையே அதற்குக் காட்டினார்கள். கருவி நிரலை ஓடவிட்டுப் பார்த்தது, ஜூலை 19 வந்தது, ‘வரவேண்டிய விடை ஜூலை 19’ என்று டெஸ்ட் எழுதிவைத்தது.

“அண்ணா, எல்லாம் பச்சை. கவரேஜ் நூறு வீதம்” என்று அந்த அணியின் தம்பி ஒருவன் சந்தோசமாகக் காட்டினான். பச்சை என்றால் டெஸ்ட் தேறியது, சிவப்பு என்றால் விழுந்தது. கவரேஜ் என்பது நிரலின் எவ்வளவு பகுதியை டெஸ்டுகள் ஓட்டிப் பார்த்தன என்ற அளவு.

கையாலும் போட்டுப் பார்த்தீங்களா என்று கேட்டேன். ஓமாம், இரண்டு பேர் தங்கள் அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்த்தார்களாம். ஒருவர் ஜனவரியில் பிறந்தவர். மற்றவர் 1996, லீப் ஆண்டு. இரண்டிலும் இந்தப் பிழை தலைகாட்டாது.

வெளியிட்ட பிறகு மற்றவர்களின் விண்ணப்பங்கள் ‘பிறந்த திகதி பொருந்தவில்லை’ என்று திரும்பத் தொடங்கின. பிழை யாருக்கும் வரும், அதை விடுவோம். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது அடுத்து நடந்ததுதான். ஒரு தங்கச்சி கணக்கைச் சரியாகத் திருத்தினாள். உடனே டெஸ்டுகள் சிவப்பாகின. ஏஐ உதவியாளர் ‘உடைந்த டெஸ்டுகளைச் சரிசெய்கிறேன்’ என்று சொல்லி, நிரலைப் பழைய கணக்குக்கே திருப்பிவிட்டது. திரும்பவும் பச்சை. அடுத்த வெளியீட்டில் அதே முறைப்பாடுகள்.

இதற்கு மியூட்டேஷன் டெஸ்டிங் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ரைக்கர், பிட் போன்ற கருவிகள் நிரலை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றி, டெஸ்ட் அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பவை. ஒன்றையும் சரிபார்க்காத வெற்று டெஸ்டுகளைப் பிடிக்க அருமையானவை, கட்டாயம் வையுங்கள். ஆனால் ஜூலை 19 தான் விடை என்று உறுதியாக நிற்கும் டெஸ்டுக்கு அவை முழுப் புள்ளி கொடுக்கும். ஹைப்பொதெசிஸ், ஃபாஸ்ட்-செக் இரண்டும் எழுந்தமானமாக உள்ளீடுகளைத் தந்து பொது விதியைச் சோதிப்பவை. திகதியிலிருந்து இலக்கம், இலக்கத்திலிருந்து திகதி என்று போய்த் திரும்பும் சோதனையை அவற்றில் எழுதலாம். இரண்டு பக்கத்தையும் ஒரே ஏஐ எழுதியிருந்தால் இரண்டிலும் ஒரே பிழை இருக்கும், சோதனை சிரித்துக்கொண்டே தேறிவிடும்.

இலங்கையின் வற் எனும் பெறுமதி சேர் வரியிலும் இதே கதைதான். 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். பழைய உதாரணங்களைப் படித்த உதவியாளர் 15 என்று போட்டால், அதன் டெஸ்டும் 15 ஐயே எதிர்பார்க்கும். பத்தாயிரம் ரூபாய்ப் பற்றுச்சீட்டில் 300 ரூபாய் காணாமல் போகும், திரை முழுக்கப் பச்சை.

ஆகவே எந்தக் கருவியையும் வாங்கமுன் இதைச் செய்யுங்கள். பிழை உள்ள ஒரு சிறு நிரலையும் சரியான விதியை எழுதிய ஒரு பந்தியையும் சேர்த்துக் கொடுங்கள். கருவி விதியை நம்பிச் சிவப்புக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம். நிரலை நம்பிப் பச்சை காட்டினால் விற்பனையாளருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். விடைகளை மனிதர் எழுதிய அட்டவணையாக வையுங்கள், சாதாரண சிஎஸ்வி கோப்பே போதும். அந்தக் கோப்புறையில் யார் கை வைத்தாலும் ஒரு மூத்தவரின் ஒப்புதல் வேண்டும் என்று, நிரலைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்-ஓனர்ஸ் கோப்பில் எழுதி, மெயின் கிளையில், அதாவது நிரலின் முதன்மைப் பிரதியில், அந்த ஒப்புதலைக் கட்டாயமாக்குங்கள்.

தானாகக் குணமாகும் டெஸ்டுகள்

உலாவியைத் தானாக ஓட்டி இணையத் திரைகளைச் சோதிக்கும் கருவி பிளேரைட். 2025 இல் அதன் 1.56 பதிப்போடு டெஸ்டைத் திட்டமிட ஒன்று, எழுத ஒன்று, உடைந்ததைத் திருத்த ஒன்று என்று மூன்று ஏஐ முகவர்கள் வந்தன. பொத்தானின் இடம் மாறியதற்காக உடைந்த டெஸ்டை அவை திருத்தட்டும். எதிர்பார்த்த தொகையையே மாற்றினால் அது திருத்தம் இல்லை. எதை மாற்றியது என்று வரிக்கு வரி காட்டாத கருவி வேண்டவே வேண்டாம்.

மும்மொழித் திரைகளை மறப்பது

நாம் திரையில் அழுத்துவதைப் பதிவுசெய்து டெஸ்டாக்கும் கருவி பொத்தானைப் பெரும்பாலும் அதன் மேலுள்ள எழுத்தை வைத்தே அடையாளம் பிடிக்கும். ஆங்கிலத் திரையில் பதிந்த டெஸ்ட் சிங்களத்திலும் தமிழிலும் விழுந்துவிடும். மொழி மாறினாலும் மாறாத அடையாளப் பெயர் ஒன்றை, டெஸ்ட்-ஐடி என்பார்கள், பொத்தானுக்கு வையுங்கள். இன்னொன்று, ‘கொழும்பு’ என்பதில் உள்ள ‘கொ’வின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், எழுத்துகளை ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. ஒப்பிடமுன் இரண்டு பக்கத்தையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். கேட்காவிட்டால் ஏஐ இதைப் பெரும்பாலும் செய்யாது.

திரைப்பிடிப்பு ஒப்பீடு

சில டெஸ்டுகள் திரையைப் படம்பிடித்து, முன்பு சேமித்த மூலப்படத்தோடு ஒப்பிடும். நிரல் மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ இயந்திரத்தில் தமிழ், சிங்கள எழுத்துரு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் வரும் வெறும் பெட்டிகளையே மூலப்படமாகச் சேமித்துவிடுவீர்கள்.

செலினியமா, பிளேரைட்டா?

செலினியமும் உலாவியை ஓட்டிச் சோதிக்கும் கருவிதான், பிளேரைட்டைவிடப் பழையது. புதிதாகத் தொடங்கினால் பிளேரைட். ஓடுகிற செலினியத்தைத் தொடாதீர்கள்.

டொலர்

கருவிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று விலையா, டெஸ்டை ஓட்டும் ஒவ்வொரு தடவைக்கும் விலையா என்று கேளுங்கள். ஏஐ முகவர் ஓய்வெடுக்காது, ஓட்டத்துக்கு விலை என்றால் கட்டணமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

உண்மையான அட்டை இலக்கங்கள்

டெஸ்ட் தரவுக்காக வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கத்தை ஏஐ உரையாடலுக்குள் ஒட்டாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விதி தெரிந்தால் போலி இலக்கங்களை நாமே உருவாக்கலாம். அந்தப் பட்டியலில் 1990 க்கு நாள் எண் 60 ஐயும் சேருங்கள். அட்டைக் கணக்கில் அது பெப்ரவரி 29, அந்த ஆண்டில் இல்லாத நாள். நிரல் அதை மறுக்க வேண்டும்.