எச்.ஐ.வி. உள்ள தாய்க்குத் தொற்றில்லாத குழந்தை பிறக்கக் குடும்பம் செய்ய வேண்டியவை

கர்ப்பம் உறுதியானதுமே அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கணவரும் உடன் வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பழியை மனைவியின் தலையில் மட்டும் சுமத்துவது பெரும் அநீதி. தொற்று இருப்பது தெரிந்தால் தாமதிக்காமல் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் பதிந்து, இலவசமாகத் தரப்படும் மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில், வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். சிகிச்சையே இல்லாவிட்டால் கருவிலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலுமாக 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று பரவக்கூடும்; முறையான சிகிச்சையால் அதை 5-க்கும் கீழே கொண்டுவர முடிகிறது.

பிறந்த குழந்தைக்குத் தொற்றைத் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் குறைந்தது 6 வாரம் புகட்ட வேண்டும். ஆபத்து அதிகமெனில் மருத்துவர் அதை நீட்டிப்பார். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். அது இயலாதபோது, மருத்துவரைக் கேட்டு, மாற்றுப்பால் மட்டுமே. இரண்டையும் கலந்து கொடுப்பது ஆபத்து. பாட்டி ஆசையோடு சேனை வைப்பதையும் (பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பு தொட்டு வைப்பது) பக்குவமாகச் சொல்லித் தவிர்க்க வேண்டும்.

ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்தி, அட்டையிலுள்ள சிறு வட்டங்களில் இரத்தத் துளிகளை உலரவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தொற்றில்லை என்று முடிவு வந்தாலும் 18 மாதம் வரையிலான பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

தொற்று உறுதியானாலும் உடனே சிகிச்சை தொடங்கும் குழந்தை வளர்ந்து, படித்து, மணந்து, தொற்றில்லாத பிள்ளைகளைப் பெறலாம். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிப் பள்ளியில் இடம் மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சந்தேகம் எழுந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.