முற்றத்து வெயில்குடைக்குப் பிள்ளைகள் திறக்க முடியாத பூட்டு அமைக்கும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரத்துப் பெரிய வீடுகளில் வெயில்குடை அண்மையில் வந்து சேர்ந்த பொருள்தான். விடுதிகளாக மாற்றப்பட்ட வீடுகளின் தோட்டத்திலும், இரண்டாம் கட்டு முற்றத்திலும், கேணியடியிலும் இரண்டரை, மூன்று மீட்டர் அகலமுள்ள குடைகள் இன்று நிற்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடு, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறக்கப்படும்போது, வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பேரப்பிள்ளைகள் ஒரே நாளில் வந்து இறங்குகிறார்கள். அந்தக் குடையை அதற்குமுன் தொட்டிராத அவர்களுக்கு அது விளையாட்டுச் சாமான். பெரியவர்களோ சமையற்கட்டிலும் சாமி வீட்டிலும் மும்முரமாக இருப்பார்கள். எனவே கண்காணிப்பை நம்பாமல், குடையிலேயே காப்பு இருக்கும்படி செய்துவிடுவதே சரி.

பூட்டு எங்கே அமைய வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளக் குடையின் உறுப்புகளை முதலில் பார்த்துவிடுவோம். நடுவில் தண்டு; பெரும்பாலான குடைகளில் அதன் வெளிவிட்டம் 38 மி.மீ. தண்டின்மீது ஏறி இறங்கும் ஒரு வளையம் உண்டு. அதை இங்கே ஏறுவளையம் என்போம். அதிலிருந்து கிளம்பும் தாங்குகம்பிகள்தாம் துணி தைத்த பெரிய கம்பிகளை மேலே உந்திப் பிடிக்கின்றன. குடையைக் கையால் தள்ளி விரித்தாலும், கயிற்றால் இழுத்து விரித்தாலும், பக்கத்துக் கைப்பிடியைச் சுழற்றி விரித்தாலும், கடைசியில் முழுப் பாரமும் ஏறுவளையத்தில்தான் வந்து நிற்கிறது. தள்ளி விரிக்கும் குடையிலும் கயிற்றுக் குடையிலும் தண்டில் ஒரு துளை இருக்கும்; அதில் செருகிய முளையின்மேல் வளையம் அமர்ந்திருக்கும். சுழற்றுக் கைப்பிடிக் குடையிலோ, தண்டுக்குள் ஓடும் கயிறு மட்டுமே அதைத் தாங்குகிறது.

இந்த முளையை நெருங்கிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். சுண்டுவிரல் பருமனுள்ள எஃகுத் துண்டு. அதன் தலையில் சாவிக்கொத்து வளையம் போன்ற ஒரு வட்டம். அதிலிருந்து ஒரு சிறு சங்கிலி தொங்கி வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும். நாற்காலியில் ஏறி நிற்கும் பிள்ளை விரலை விட்டு இழுப்பதற்கென்றே செய்து வைத்தது போன்ற அமைப்பு. முளை உருவிக்கொண்டால் குடை ஒரே வீச்சில் சரியும். தாங்குகம்பிகள் தண்டை நோக்கி மடியும். அவற்றுக்கு இடையில் இருக்கும் விரல் நசுங்கும். ஆகவே பூட்ட வேண்டிய இடம் கைப்பிடி அன்று, ஏறுவளையம்.

அப்படியானால் ஒரு மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிட்டுவிடலாமே என்று தோன்றும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கதவுக்கும் பெட்டகத்துக்கும் அதனைவிட நம்பகமான பூட்டை நான் சொல்ல மாட்டேன். ஆயினும் குடைக்குச் சாவிப் பூட்டு ஆகாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த ஊர் இது. கோடைப் பிற்பகல்களில் இடிமழைக்கு முன் திடீரென வீசும் காற்றும் அதற்குக் குறைந்ததன்று. 2.7 மீட்டர் அகலக் குடையின் பரப்பு ஏறத்தாழ 5.7 சதுர மீட்டர். மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்று அந்தப் பரப்பை நேர்முகமாகத் தாக்கினால் 40 கிலோவுக்கும் மேற்பட்ட எடையின் விசை அதில் விழும். அந்த நேரத்தில் வீட்டிலுள்ள யாராயினும், ஆயாவோ அப்பத்தாவோகூட, சாவி தேடாமல் சில நொடிகளில் குடையை மடக்கியாக வேண்டும். பிள்ளைக்குத் திறக்கக் கூடாது, பெரியவருக்குத் தாமதிக்கக் கூடாது: இந்த இரண்டையும் ஒருசேர நிறைவேற்றாத எந்தப் பூட்டையும் நான் ஏற்பதில்லை.

இதற்கு வழிகாட்டி நம் மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. அழுத்திக்கொண்டே திருகினால் மட்டும் திறக்கும் மருந்துக் குப்பி மூடி, 1967 இல் கனடாவின் வின்ட்சர் நகரில் குழந்தை மருத்துவர் ஹென்றி புரோவின் முயற்சியால் புழக்கத்துக்கு வந்தது. வெவ்வேறான இரண்டு செயல்களை ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருப்பதால் சிறு பிள்ளைகளுக்கு அது கைகூடுவதில்லை. குடைக்கும் இதே விதியைக் கொள்வோம்; அத்துடன் உயரத்தையும் ஒரு காப்பாகச் சேர்ப்போம். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 110 செ.மீ.; கையை உயர்த்தினால் 130 வரை எட்டும்; 45 செ.மீ. உயர நாற்காலியில் ஏறினால் 175. எனவே பூட்டின் பிடி தரையிலிருந்து 180 செ.மீ.க்கு மேலே இருக்க வேண்டும்.

தள்ளி விரிக்கும் குடையும் கயிற்றுக் குடையும் உள்ளவர்களுக்கு வேலை எளிது. பழைய முளையைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ‘பால் லாக் பின்’ என்று வன்பொருள் கடைகளில் கேட்டு வாங்கும் முளையைப் பொருத்த வேண்டும். இதன் முனையருகே இரண்டு சிறு எஃகுக் குண்டுகள் வெளியே துருத்தி நிற்கும். தலையிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டுமே அவை உள்ளே அடங்கும், அழுத்தாமல் எவ்வளவு இழுத்தாலும் முளை வராது. வாங்குவதற்கு முன் இரண்டு அளவுகளை வெர்னியர் என்னும் நுண்ணளவு கருவியால் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, தண்டிலுள்ள துளையின் விட்டம். முளை அதில் ஆட்டமின்றி, ஆனால் இறுக்கமுமின்றிச் செல்ல வேண்டும். முளை பருமனாக இருக்கிறதென்று துளையைப் பெரிதாக்கவே கூடாது, ஏனெனில் மெல்லிய அலுமினியத் தண்டு முறிவது அந்த இடத்தில்தான். இரண்டாவது, முளையின் தலைக்கும் குண்டுகளுக்கும் இடைப்பட்ட நீளம், 38 மி.மீ. தண்டுக்கு 40 மி.மீ. பொருந்தும். நீளம் குறைந்தால் குண்டுகள் தண்டுக்குள்ளேயே நின்றுவிடும், அப்போது பூட்டியது போல் தோன்றுமே தவிரப் பூட்டியிருக்காது. மறுபக்கத்தில் குண்டுகள் இரண்டும் வெளியே வந்து ‘டிக்’ என்று விரிவதைக் காதால் கேட்டு, கண்ணாலும் பார்த்துவிடுங்கள்.

ஏறுவளையத்தின் பாரம் முளைமீது அழுந்துவதால், ஒரு கையால் வளையத்தைச் சற்று மேலே தூக்கி, மறு கையின் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, பிறகே உருவ முடியும். பெரியவருக்கு இது ஒரு நொடி வேலை. பாரத்தைத் தூக்கும் வலுவும் இரு கைகளின் ஒத்திசைவும் சிறு பிள்ளையிடம் ஒருங்கே அமையா. முளை தொலையாதிருக்க, அதை ஏறுவளையத்தோடு ஒரு சாண் நீளத்துக்கு மிகாத மெல்லிய எஃகு வடத்தால் இணைத்துவிடலாம். தண்டோடு இணைத்தால் அது கீழே தொங்கிப் பிள்ளைகளின் கண்ணில் படும். உலோகம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

சுழற்றுக் கைப்பிடிக் குடையில் இவ்வாறு செய்ய இயலாது. தண்டின் நடுவே கயிறு ஓடுவதால் குறுக்கே துளையிட்டால் கயிறு அறுபடும் அல்லது முளையில் உரசித் தேயும். இதற்குத் தண்டின் வெளிப்புறத்தைக் கவ்வும் பட்டை தேவை. சைக்கிள் இருக்கையின் தண்டைப் பிடிக்கும் நெம்புப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதே வகையை 38 மி.மீ. அளவில் வாங்கலாம், கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் குடைத் தண்டையே கொண்டுபோய்க் காட்டி, இரண்டு அரைவட்டங்களாகக் கடைந்து வாங்கலாம். உட்புறத்தில் ஒரு மி.மீ. ரப்பர் தகடு ஒட்டினால் தண்டில் கீறல் விழாது, பிடிப்பும் கூடும். நெம்பைத் தூக்குவதற்கு முன் விலக்க வேண்டிய ஒரு சிறு ஸ்பிரிங் தாழையும் பட்டறைக்காரரிடம் கேட்டு வையுங்கள். இரு செயல் விதி அதனால்தான் நிறைவேறும். குடையை விரித்து, ஏறுவளையத்தின் அடிவிளிம்பை ஒட்டிப் பட்டையை இறுக்கி, பிறகு கைப்பிடியைச் சற்றே தளர்த்தினால் பாரம் கயிற்றிலிருந்து பட்டைக்கு மாறும். கழற்றக்கூடிய கைப்பிடியானால் அதைக் கழற்றிக் குடைக்கு அருகே, ஆனால் உயரத்தில், ஒரு கொக்கியில் மாட்டிவிடுங்கள்.

விரல் நசுங்கும் இடங்களை இனிக் கவனிப்போம். மடியும் பகுதிகளில் 5 மி.மீ.க்கும் 12 மி.மீ.க்கும் இடைப்பட்ட சந்து குழந்தை விரலுக்கு ஆகாது என்பது பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதிகளில் உள்ள கணக்கு: விரல் நுழையவே கூடாது, அல்லது நுழைந்த விரல் நசுங்காமல் இருக்க இடம் வேண்டும். ஏறுவளையம் கீழே வந்து கைப்பிடிப் பெட்டியின் தலையில் மோதும் குடைகள் பல உண்டு. அங்கே பெட்டிக்கு மேல் ஒரு தடுப்பு வளையத்தைத் தண்டில் இறுக்கி, 25 மி.மீ. இடைவெளி விட்டுவிட்டால் பெரியவர் விரலுக்கும் தீங்கில்லை. தடுப்பு வளையம் தண்டைவிட அதிகம் புடைக்காமல் மெல்லியதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நசுங்கும் இடம் மேலே நகர்ந்ததாக மட்டுமே முடியும்.

கயிற்றுக் குடையில் இழுகயிறு தொங்குவது விரல் நசுங்குவதைவிடக் கொடிய ஆபத்து; கழுத்தில் சுற்றினால் ஓசையின்றி உயிரைப் பறிக்கும். சன்னல் திரைக் கயிறுகளுக்கு ஐரோப்பிய விதி கூறும் 150 செ.மீ. உயரத்தைக் குறைந்தபட்ச அளவாகக் கொண்டு, அதற்கு மேலே கயிறு சுற்றிக் கட்டுவதற்கு இருபுறமும் கொம்பு நீண்ட ஒரு கொக்கியைத் தண்டில் பொருத்திக் கயிற்றை முழுவதும் அதில் சுற்றிவிடுங்கள். கண்ணி போன்ற எந்த வளைவும் தொங்கக் கூடாது.

அடித்தாங்கியின் குழாயில் தண்டை இறுக்கும் காதுத் திருகையும் மறவாதீர்கள். அது தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பிள்ளையின் கைக்கு நேராக இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, அதே மரையுள்ள, ஆலன் சாவியால் மட்டும் திருகக்கூடிய போல்ட்டை ஸ்பிரிங் வாஷருடன் போட்டால் போதும். கடைகளில் குடையோடு தரும் 25 கிலோ அடித்தாங்கியை நம்ப வேண்டாம். திண்ணை விளிம்பில் ஏறிய 20 கிலோப் பிள்ளை குடைக் கம்பியின் நுனியைப் பற்றித் தொங்கினால், அந்த நுனி தண்டிலிருந்து 1.35 மீட்டர் தள்ளி இருப்பதால், அடித்தாங்கி அந்தப் பிள்ளையின் எடையைப் போல் மூன்று மடங்கு இருந்தாலும் தடுமாறும். 60 செ.மீ. சதுரமும் 10 செ.மீ. கனமும் உள்ள கருங்கல் பலகை ஏறத்தாழ 97 கிலோ இருக்கும், அது தாங்கும். கல்லுக்குப் பஞ்சமில்லாத நம் பகுதியில் இதைச் செதுக்கி வாங்குவது கடினமன்று. ஆத்தங்குடித் தளம் பதித்த இடமானால் துளையிட்டு அடிக்க நினைக்காதீர்கள். வழவழப்பான அந்தத் தளத்தில் கல் நழுவாமலும் தளம் கீறாமலும் இருக்க, அடியில் தடித்த ரப்பர் விரிப்பு இடுங்கள்.

எல்லாம் பொருத்தியபின் சோதனை. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, குடையை விரித்துப் பூட்டி, ஏறுவளையத்துக்குக் கீழே தண்டில் பென்சிலால் ஒரு கோடு இடுங்கள். ஒருவர் தண்டைப் பிடித்துக்கொள்ள, 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தண்டின் இருபுறமும் சமமாக வரும்படி ஏறுவளையத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். முளையில் வளைவு தெரிந்தாலோ, பட்டை கோட்டைத் தாண்டி நழுவியிருந்தாலோ, அந்தப் பூட்டு தேறவில்லை. ரப்பரை மாற்றி இறுக்கி மீண்டும் பாருங்கள். அடுத்து, வீட்டிலேயே வயது முதிர்ந்தவரை அழைத்து ஒருமுறை திறந்து மடக்கச் சொல்லுங்கள். அவருக்குக் கை எட்டவில்லை அல்லது பொத்தான் அழுந்தவில்லை என்றால் அதுவும் தேறாத பூட்டுதான்.

மடக்கிய குடையைத் துணிப் பட்டையால் உயரே கட்டி, உறை போட்டுவிட்டால் பிள்ளைகள் அதை விரிக்க வழியில்லை. வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களில் தூசும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர்ந்து குண்டுகளை இறுக்கிவிடும். ஊருக்கு வந்து பெட்டிகளை இறக்கிய கையோடு, குடையை விரிப்பதற்கு முன், முளையைத் துடைத்து ஒரு துளி தையல் எந்திர எண்ணெய் விட்டு, பொத்தானை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். குண்டு அடங்க மறுத்தாலோ, வெளியே வரத் தயங்கினாலோ புதிய முளையைப் போடும்வரை அந்தக் குடையை விரிக்க வேண்டாம்.